மகளின் இரண்டு வீடுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் ரொறன்ரோவில், ஸ்காபுறோப் பகுதியில் குடும்பத்துடன் இருக்கிறாள். அவள், பெற்றோரைக் கனடாவுக்கு அழைக்கும் சுப்பர் விசாவுக்கு விண்ணப்பித்து, எனக்கான மருத்துவக் காப்புறுதியையும் கட்டி, கடந்த ஏப்ரலில் என்னை அழைத்துக்கொண்டாள். ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து தங்கலாம் என்றிருந்தும் ஓகஸ்ட் நடுப்பகுதியிலேயே திரும்பிவிட்டேன். அங்கே எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனாலும் ஊர் நினைவாகவே இருந்தேன். கண்ணகி அம்மனின் வைகாசிக் குளிர்த்திச் சடங்கைக் கைபேசியில் பார்த்து அழுதேன்.

திரும்பி ஆறு வாரங்களாகியும் ஒவ்வோர் இரவும் ஒன்றரை மணிக்கு விழிப்பு வருகிறது. அது அங்கே மாலை நான்கு மணி. எட்டு வயதுப் பேரன் பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கும் நேரம். ஜூனில் விடுமுறை தொடங்கும்வரை அவனைத் தெருமுனையில் நின்று கூட்டிவந்தவள் நான். இங்கு வந்து வீட்டைத் திறந்தால், மகளுக்கென்று பூட்டி வைத்திருந்த பெரிய அறையில் கறையான் ஏறி அலுமாரியின் பின்பலகையைத் தின்றிருந்தது. மண்டூர்த் திருவிழாவுக்குப் போகக் குருமண்வெளித் துறையில் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறினால், கண்டவர்கள் எல்லோரும் "ஏன் டீச்சர் வந்த நீங்க? மறுகா எப்ப போறீங்க?" என்றே கேட்கிறார்கள். பென்சனுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வந்தேன் என்று சொல்லித் தப்புகிறேன். மகளுக்கு நான் துரோகம் செய்துவிட்டேனா? வீட்டுக்கு வந்தும் வந்தது போல ஏன் இல்லை?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

*

அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு,

உறக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்; உங்கள் கடிதத்தில் மணி குறித்துச் சொல்லப்பட்ட செய்தி அது ஒன்றுதான். ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியால வேறுபாடு. மனித உடம்பின் உட்கடிகாரம் பெரும்பாலோருக்கு இருபத்து நான்கு மணித்தியாலத்தை விடச் சற்று நீண்டது. அதனால் மேற்கே பறந்து நாள் நீளும்போது அது எளிதாக இணங்கிவிடுகிறது, கிழக்கே பறந்து நாள் சுருங்கும்போது முரண்டு பிடிக்கிறது. திரும்பி வந்த பயணம் போன பயணத்தை விட உங்களை வருத்தியிருக்கும் என்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு மணித்தியால வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்பது பொதுவான கணக்கு. பத்து நாள், தாராளமாக விட்டால் இரண்டு வாரம். ஆறு வாரம் என்பது அந்தக் கணக்குக்குள் அடங்காது. உங்கள் உடம்பு எப்போதோ களுவாஞ்சிக்குடிக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு உங்களை எழுப்புவது அந்தப் பள்ளிப் பேருந்துதான் என்று நினைக்கிறேன். (உறக்கம் இப்படியே கெட்டால் வைத்தியர் ஒருவரிடமும் காட்டுங்கள். நம் வயதில் எல்லாவற்றுக்கும் மனமே காரணம் என்று விட்டுவிடக் கூடாது.)

எங்களுக்கும் இது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சுவிஸில் இருக்கும் மகளிடம் நானும் மனைவியும் போயிருந்தோம். நூற்றெண்பது நாளுக்குள் தொண்ணூறு நாள் என்பது அங்குள்ள விசாக் கணக்கு. ஐந்து ஆண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆகையால் ஏன் திரும்பினீர்கள் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. அந்த வகையில் நாங்கள் தப்பினோம். ஆனால் வந்த பின் நான் தொல்லை பிடித்தவனாகிவிட்டேன். பேருந்து பிந்தினால் அங்கத்தைய பேருந்து, தெருவில் தூசி எழுந்தால் அங்கத்தையத் தெரு. ஒருநாள் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: "அங்க இருந்த மூண்டு மாதமும் இஞ்சத்தக் கதை. இஞ்ச வந்து மூண்டு மாதமா அங்கத்தக் கதை. நீங்க எங்கதான் இருக்கிற நீங்க?" அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அதன் ஒரு பாதியாவது கிடைத்தது போல இருக்கிறது.

ஊராரின் கேள்வியை விரைவாகவே கடந்துவிடலாம். பாதையில் உங்களோடு நின்றவர்களில் பலருக்கும் பிள்ளைகள் வெளியே இருப்பார்கள். சிலர் விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். குறைந்தது 100,000 கனடிய டொலர் பெறுமதியான காப்புறுதி, அழைப்பவரின் வருமானச் சான்று என்று அந்த விசாவுக்கு எத்தனை படிகள் ஏற வேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அத்தனையும் ஏறியவர் நான்கு மாதத்தில் இறங்கி வந்து அதே பாதையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவர்களுடைய கணக்கு குழம்புகிறது. அவர்கள் தங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு உங்களிடம் கேட்கிறார்கள். உயிர்வாழ் சான்றிதழைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடுதான் இருக்கிறேன் என்று கிராம சேவகரிடம் கையெழுத்து வாங்க ஊருக்கு வந்தேன் என்பது, நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பெரிய பொய்யாக எனக்குத் தோன்றவில்லை.

இனி வீடு. உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் போகிற போக்கில் வந்த பெரிய அறையை விட்டு என்னால் நகர முடியவில்லை. "மகளுக்கென்று பூட்டி வைத்திருந்த" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடு மகளின் கலியாணத்தின்போது அவள் பெயருக்குச் சீதனமாக எழுதப்பட்டது என்று ஊகிக்கிறேன். ஒரே மகள் என்றால் நம் பக்கத்தில் வேறு விதமாக நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருவதும், அதை வயிற்றுவார் என்று சொல்வதும், பெண்ணுக்கு வீடு எழுதி மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைப்பதும் மட்டக்களப்பில் இருந்து அம்பாறைக் கரையோரம் வரை இன்றும் உள்ள ஒழுங்கு. காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் முஸ்லிம் குடும்பங்களும் மகளுக்குத்தான் வீடு கட்டுகின்றன. இந்தப் பக்கத்து வழக்கச் சட்டமான முக்குவர் சட்டம் நீதிமன்றங்களில் பிரித்தானியர் காலத்திலேயே செல்வாக்கிழந்தது. வளவுகளில் அது இழக்கவில்லை.

அந்த ஒழுங்கில் பெற்றோரின் இடம் எது என்று எண்ணிப் பாருங்கள். பெரிய வீட்டை மகளுக்கு விட்டுக்கொடுத்து, அதே வளவில் சின்னதாக ஒன்றுக்கு நகர்வார்கள். அடுத்த மகளுக்கு முறை வந்தால் அதையும் பெருப்பித்து எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் சின்னதாக ஒன்றுக்குப் போவார்கள். என் அம்மம்மா மூன்று பெண்மக்களைக் கரைசேர்த்து, கடைசியில் குசினியோடு ஒட்டி இறக்கிய பத்தி ஒன்றில் வந்து நின்றவர். ஆனால் அந்தப் பத்தியில் பாய் போட்டு இருந்துகொண்டே மூன்று வீடுகளையும் ஆண்டார். எந்த வீட்டுப் பாலாணத்தில் உப்புக் கூடியது என்று மணத்திலேயே சொல்வார். மருமக்கள் மூவரும் நெல் விற்ற காசை எண்ணும்போது அவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் மடியில் வைப்பார்கள். மகளின் வீட்டில் தாய் விருந்தாளியாக இருக்க அங்கே வழியே இல்லை. வீடு அவர் கொடுத்தது. இடம்தான் சுருங்கியதே தவிர, உரிமை சுருங்கவில்லை.

ஸ்காபுறோ வீடு நீங்கள் கொடுத்தது அல்ல. மகளும் மருமகனும் வேலை செய்து, வங்கிக் கடனில் வாங்கி, மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பது. அங்கே நீங்கள் அன்பாக வைத்திருக்கப்பட்டீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்பாக வைத்திருக்கப்படுவது ஒரு தாய்க்கு நம் ஊரில் பழக்கமில்லாத நிலை. சுவிஸ் அடுக்குமாடியில் உடுப்புத் தோய்க்கும் அறை எல்லா வீட்டுக்கும் பொது. இன்ன வீட்டுக்கு இன்ன நாள் என்று எழுதி வைத்திருப்பார்கள். நாற்பது வருடம் நினைத்த நேரத்தில் கிணற்றடியில் தோய்த்த என் மனைவி, தன் சேலையைத் தோய்க்க எது நாள் என்று மகளிடம் கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், இவரும் சிரித்தார், ஒருவர் மீதும் பிழையில்லை. அன்று மாலையே என்னிடம் எப்போது ஊருக்குப் போகிறோம் என்று கேட்டார்.

சரி, களுவாஞ்சிக்குடிக்கு வந்தால் அங்கேயும் காணி உறுதியில் மகளின் பெயர். பெரிய அறை அவளுக்கு. நீங்களும் கணவரும் படுத்தது சின்ன அறையில் என்றுதான் நினைக்கிறேன். அவர் போன பின்னும் நீங்கள் அதிலேதான் இருப்பீர்கள். ஒரு வீட்டில் விருந்தாளி, மற்ற வீட்டில் காவல்காரி. மகளின் ஒரு வீட்டில் இருந்து மகளின் இன்னொரு வீட்டுக்கு நீங்கள் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து வந்திருக்கிறீர்கள். இரண்டிலும் உங்கள் பெட்டி சுவரோரமாகத்தான் நிற்கிறது. வந்தும் வந்தது போல இல்லாததற்கு இதுவே காரணம் என்று எனக்குப் படுகிறது. பழைய ஒழுங்கு, மகள் அதே வளவில் இருப்பாள் என்பதை நம்பிக் கட்டப்பட்டது. அவள் போய்விட்டாள், ஒழுங்கு மட்டும் நிற்கிறது, அதை நீங்கள் ஒருவராகக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள். பூட்டிய அறைக்குள் யாரும் நடமாடாவிட்டால் கறையான் வரும் என்பது நம் மண்ணில் பிறந்த எவருக்கும் தெரியும்.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியராக இருந்தவர் இந்தச் சொல்லை இப்படி எடுத்ததைத் திருத்த எனக்கு உரிமை இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் திரும்பியதால் மகளுக்கு வந்தது ஒரு சிரமம்: நான்கு மணிக்குப் பேரனை யார் பார்ப்பது என்பது. அதைச் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது பணமும் பதற்றமும் சேர்ந்த பிரச்சினை, செப்டெம்பரில் பள்ளி தொடங்கியதும் அவர்கள் ஏதோ ஓர் ஏற்பாடு செய்திருப்பார்கள். என்ன ஏற்பாடு என்று நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. குற்ற உணர்வில் கேட்காமல் இருந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. கேட்காததால்தான் இரவு ஒன்றரைக்கு அந்தத் தெருமுனையில் பிள்ளை தனியே நிற்கிறான். கேளுங்கள். யாரோடு வருகிறான், எங்கே இருக்கிறான், கதவை யார் திறக்கிறார்கள் என்று விவரமாகக் கேளுங்கள். காலை ஆறு மணிக்கு நீங்கள் தேநீர் ஊற்றும்போது அங்கே முதல்நாள் இரவு எட்டரை. அவன் படுக்கைக்குப் போகுமுன் பத்து நிமிடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கதைப்பதை விட அது அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. மறுகா போகவும் போவீர்கள். விசா இருக்கிறது. போகும்போது இத்தனை மாதம் என்று மகளோடு பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள். ஊர் ஞாபகம் வந்த அன்று முடிவெடுத்தால் அது தப்பி வந்தது போல ஆகிவிடுகிறது.

மாரி தொடங்குவதற்கு முன் அந்த அலுமாரியை வெளியே எடுத்து, சுவருக்குக் கறையான் மருந்து அடித்து, பெரிய அறைக்கு உங்கள் கட்டிலைக் கொண்டுபோய்ப் போடுங்கள். மகளிடம் அனுமதி கேட்க வேண்டாம். போட்ட பிறகு படம் எடுத்து அனுப்புங்கள். அவள் வந்தால் எங்கே படுப்பாள் என்று கேட்பீர்கள். உங்களோடு படுப்பாள்.

கடைசியாக ஒரு சோதனை. நவம்பர் முதல் ஞாயிறு ரொறன்ரோவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். அதன் பின் அவனுடைய நான்கு மணி நமக்கு அதிகாலை இரண்டரை. அப்போதும் ஒன்றரைக்கே விழித்தால் அது வெறும் பழக்கம், போய்விடும். இரண்டரைக்கு மாறியிருந்தால் உங்களை எழுப்புவது பேரன்தான் என்று வைத்துக்கொள்ளலாம். நவம்பர் நடுவில் எனக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்பதோடு, எந்த அறையில் விழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடி, மட்டக்களப்பு