குடலைத் தைத்த இடம் பிரியாமல் காக்க முடியுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி இருப்பதால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அவருக்குச் சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உண்டு. குடலைத் தைத்த இடம் பிரிந்துவிடும் ஆபத்து இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதைத் தடுக்க வழி உண்டா?

பதில்: நோயுற்ற பகுதியை நீக்கிய பின் குடலின் இரு முனைகளையும் சேர்த்து இணைப்பார்கள். அந்த இணைப்பு கசிந்தால் மலமும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவிவிடும் என்பதால், இந்த அறுவைச் சிகிச்சையில் நாங்கள் மிகவும் அஞ்சுவது அதைத்தான். கசிவே வராது என்று எவரும் உறுதி தர இயலாது. ஆனால், ஆபத்தைக் குறைப்பதில் உங்கள் குடும்பத்தின் பங்கு பெரும்பாலும் இந்த ஒரு மாதத்தில்தான் இருக்கிறது.

முதலில் புகை. தைத்த இடம் ஆறுவதற்குத் தடையில்லாத இரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் வேண்டும். நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்க, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே விடுவது நல்லது என்பதால், அவர் இன்றே நிறுத்த வேண்டும்; எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வது போதாது. பெருங்குடல் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து சோகை உண்டாவது மிகச் சாதாரணம். ஆகவே ஹீமோகுளோபின் அளவை இப்போதே பார்த்து, இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஊசி மூலமாவது ஈடுசெய்துகொள்ளுங்கள். கட்டி இருக்கிறதே என்று உணவைக் குறைத்துவிடுவது உறவினர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தீங்கு. புரதம் மிகுந்த உணவை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கும்படி, அவர் நிறைவாக உண்ண வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டியிருக்கும் என்றாலும், அதை நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

குடலைச் சுத்தம் செய்யப் பேதி மருந்து கொடுப்பார்களானால், அதனுடன் ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேதி மருந்து மட்டும் கொடுப்பதால் தொற்று குறைவதில்லை, இரண்டும் சேரும்போதுதான் குறைகிறது. கட்டி மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருந்தால், இணைப்பு ஆறும்வரை மலம் வயிற்றின் மேல் ஒரு திறப்பு வழியே வெளியேறும்படி தற்காலிகமாக அமைக்கக்கூடும். பலர் இதைக் கேட்டதும் மனம் உடைந்துபோகிறார்கள். கசிவு ஏற்பட்டாலும் அது உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றாமல் காப்பது பெரும்பாலும் இந்தத் திறப்புதான்.

சிகிச்சைக்குப் பின், மருத்துவர் அனுமதித்தவுடன், பெரும்பாலும் மறுநாளே, எழுந்து நடப்பது கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதையும் நுரையீரலில் சளி தேங்குவதையும் குறைக்கும்.

கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில் வெளிப்படும். சிலருக்கு வீடு திரும்பிய பின்னரும் வரலாம். குறைந்துவந்த வலி மீண்டும் கூடுதல், வயிறு உப்புதல், வாந்தி, காய்ச்சல், மூச்சிரைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றைக் கவனியுங்கள். காய்ச்சல் வரும் முன்பே நாடித் துடிப்பு விரைவாவதும் உண்டு. இவற்றில் எது தென்பட்டாலும், மறுபரிசோதனைக்குக் குறித்த நாள்வரை காத்திராமல், நள்ளிரவானாலும் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே அவரை அழைத்துச் செல்லுங்கள்.