இரும்புக்குள் ஓர் ஒழுங்கு: காந்தம் பற்றிய கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல ஊர்களிலிருந்து காந்தம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இயற்பியல் கற்பித்தவன், மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளோடு நெருங்கிப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அரூர், பத்தாம் வகுப்பு மாணவி: ஐயா, இரும்பு ஒட்டுகிறது, செம்பும் அலுமினியமும் ஏன் ஒட்டுவதில்லை?

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறாய் அம்மா. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தம். பெரும்பாலான பொருள்களில் அவை ஜோடி சேர்ந்து, ஒன்றின் காந்தத்தை மற்றொன்று இல்லாமல் ஆக்கிவிடுகிறது. இரும்பணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் உண்டு. அது மட்டும் போதாது. பக்கத்து அணுவும் அதே திசையில் நிற்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் அப்படி நிற்கக்கூடிய தனிமங்களில் முக்கியமானவை இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகிய மூன்றும்தான்.

அப்படியானால் எல்லா ஆணியும் காந்தமாக இருக்க வேண்டாமா என்று கேட்பாய். ஆணிக்குள் அணுக்கள் சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு பகுதிக்குள் ஒரே திசை. ஆனால் பகுதிக்குப் பகுதி திசை வேறு. மொத்தத்தில் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் அந்தப் பகுதிகள் திசை திரும்பி, ஆணியே கொஞ்ச நேரத்துக்குக் காந்தமாகிவிடுகிறது. தேனிரும்பில் இந்த ஒழுங்கு காந்தத்தை எடுத்ததும் கலையும். கடின எக்கில் நிலைத்துவிடும். தற்காலிகக் காந்தம், நிலைக்காந்தம் என்ற வேறுபாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

அதே மாணவி: காந்தத்தை உடைத்தால் வடமுனை தனியாகக் கிடைக்குமா?

கிடைக்காது. எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு முனைகளும் இருக்கும்.

தீர்த்தமலை அருகிலிருந்து ஓர் இளைஞர்: மழை பெய்த பிறகு ரோட்டோரம் ஒதுங்கும் கறுப்பு மணல் காந்தத்தில் கொத்தாக ஒட்டுகிறது. இது இயற்கைக் காந்தமா?

அது பெரும்பாலும் மேக்னடைட் என்னும் இரும்புத்தாது. மூன்று இரும்பணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த சேர்மம். உங்கள் தீர்த்தமலையிலும் சேலம் கஞ்சமலையிலும் பாறையோடு பாறையாக இந்தத் தாது கிடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த அகழாய்வுச் சான்றுகளைக் கொண்டு, தமிழகத்தில் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழங்கியது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. இந்த மண்ணில் வளரும் பிள்ளைகள் இரும்பைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தால் போதாது. இப்படிக் கையிலும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மேக்னடைட் எல்லாம் காந்தத்தில் ஒட்டும். ஆனால் மேக்னடைட் எல்லாம் காந்தமாக இராது. தானே ஆணியை இழுக்கும் கல் அபூர்வம். அதற்கு ஒரு வலுவான காந்தப்புலம் அணுக்களை வரிசைப்படுத்தியிருக்க வேண்டும். மின்னல் பாய்ந்தபோது அது நடந்திருக்கும் என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். மணலைச் சேகரிக்கும்போது காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் துழாவுங்கள். பிறகு காந்தத்தை உருவினால் மணல் தானே உதிரும்.

கிருஷ்ணகிரி, ஸ்பீக்கர் பழுது பார்ப்பவர்: கடையில் பல விதமான காந்தம் விற்கிறார்கள். எதை எதற்கு வாங்குவது?

பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் கருஞ்சாம்பல் வளையம் ஃபெரைட். இரும்பு ஆக்சைடுடன் ஸ்ட்ரான்சியம் அல்லது பேரியம் சேர்மத்தைக் கலந்து, அழுத்திச் சுட்டுச் செய்கிறார்கள். விலை மலிவு, துருப்பிடிக்காது, கீழே போட்டால் உடையும். உங்கள் வேலையில் பெரும்பகுதிக்கு இது போதும்.

பளபளவென்று நிக்கல் பூச்சோடு சிறிதாக இருப்பது நியோடிமியம். அந்த உலோகத்தோடு இரும்பும் போரானும் சேர்ந்தது. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கினார்கள். அதே அளவு ஃபெரைட்டைவிடச் சுமார் பத்து மடங்கு வலு. பூச்சு உரிந்தால் துருவேறிப் பொடியாகும்.

அல்நிகோ, அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் இரும்போடு சேர்ந்தது. பள்ளி ஆய்வகத்தின் குதிரைலாடக் காந்தம் பல இடங்களில் இதுதான். வெப்பத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் எதிர்த்திசையில் ஒரு காந்தப்புலம் பட்டால் எளிதில் வலு இழக்கும். அதனால்தான் முனைகளை ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வைக்கச் சொல்கிறோம். பல பள்ளிகளில் அந்தத் துண்டு தொலைந்துபோய், காந்தம் ஒரு குண்டூசியைக் கூடத் தூக்காமல் கிடக்கிறது. பார்க்கவே மனம் கசக்கிறது. சமாரியம் கோபால்ட் என்று இன்னொன்று உண்டு. விலை அதிகம், விமானக் கருவிகளுக்குப் போகிறது, நமக்கு வேண்டியதில்லை.

ஓசூர், மின்சார ஸ்கூட்டர் ஓட்டுபவர்: மோட்டார் சூடேறினால் உள்ளிருக்கும் காந்தம் கெடுமா?

கெடலாம். வெப்பம் அணுக்களை உலுக்கி வரிசையைக் கலைக்கிறது. இரும்பு 770 டிகிரி செல்சியஸில் தன் காந்தத் தன்மையை முற்றிலும் இழக்கும். இதற்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். சாதாரண நியோடிமியம் காந்தமோ 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாக வலு குறையத் தொடங்கும். மோட்டாருக்கான ரகங்களில் டிஸ்ப்ரோசியம் போன்ற அரிய உலோகம் சேர்த்துத் தாங்குதிறனைக் கூட்டுகிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா இவ்வகை உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது வாகனத் தொழில் பதறியது இதனால்தான். அதிக பாரத்தோடு மேடேறிய பிறகு வண்டி தானே வேகத்தைக் குறைத்தால் விட்டுவிடுங்கள்; அது பாதுகாப்பு ஏற்பாடு.

பாலக்கோடு, விவசாயி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரிலும் இந்தக் காந்தம்தானா?

பெரும்பாலும் இல்லை. அது மின்காந்தம். ஸ்டேட்டர் என்னும் அசையாத பகுதியின் காயிலில் மின்சாரம் பாயும்போது சுழலும் காந்தப்புலம் உண்டாகி, ரோட்டர் என்னும் சுழலும் பகுதியில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சுழற்றுகிறது. மின்சாரம் நின்றால் புலமும் போய்விடும்.

பென்னாகரம், இல்லத்தரசி: குழாயில் காந்தம் மாட்டினால் தண்ணீரின் உப்பும் ஃபுளோரைடும் போய்விடும் என்று விற்க வந்தார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. கரைந்திருக்கும் ஃபுளோரைடைக் குழாயின் மேல் மாட்டிய காந்தம் பிரித்தெடுக்காது. பற்களில் கறையும் எலும்பில் பாதிப்பும் கண்ட மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. ஆர்.ஓ. கருவியோ, ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியோ அதைக் குறைக்கும். முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நோயோடு வாழும் மக்களிடம் இந்தப் பொய்யைச் சொல்லிக் காசு வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

காவேரிப்பட்டணம், பால் மாடு வளர்ப்பவர்: மாட்டுக்குக் காந்தம் விழுங்கக் கொடுப்பார்களாமே, உண்மையா?

உண்மை. தீவனத்தோடு மாடு விழுங்கும் கம்பியும் ஆணியும் இரண்டாம் வயிற்றறையில் தங்கும். அங்கிருந்து குத்தினால் இதயம்வரை பாதிக்கும். விரல் நீளக் காந்தம் ஒன்று அங்கே போய்ப் படிந்து, இரும்பைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கால்நடை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். செம்புக் கம்பிக்கு இது உதவாது.

தருமபுரி, ஒரு தாய்: பையன் விளையாட்டுக் காந்த உருண்டைகளை வாயில் போடுகிறான். ஆபத்தா?

மிகப் பெரிய ஆபத்து. இரண்டு உருண்டைகள் வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, அந்த இடத்தில் ஓட்டை விழும். இன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். விழுங்கியிருப்பான் என்ற சந்தேகம் இருந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். விழுங்கியது காந்தம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.