கேனான் 300டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2003-இல் வந்த கேனான் இஓஎஸ் 300டி ஒன்று என்னிடம் உள்ளது. வானத்தைப் படமெடுத்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளிகள். லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. ஏன்?

பதில்: அது சென்சார்மேல், அதாவது கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லின்மேல், படிந்த தூசி. லென்ஸ் தூசி இப்படிப் புள்ளியாக விழாது. லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/22 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். துளை பெரிதாக இருக்கும் எஃப்/4-இல் மங்கலாக மறையும் புள்ளி அப்போது கறுத்துத் தெரியும். தூசியைத் தானே உதறும் வசதி இந்த கேமராவில் இல்லை. பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். உள்கண்ணாடி மேலேறி, சென்சாரை மறைக்கும் திரையான ஷட்டர் திறக்கும். லென்ஸைக் கழற்றிய கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் காற்று அடியுங்கள். படத்தின் மேல்பகுதியில் தெரியும் புள்ளி சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். ப்ளோயரின் நுனி உள்ளே போகவே கூடாது. நடுவில் சார்ஜ் தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும், அதன் மெல்லிய தகடுகள் சிக்கிக் கெட்டுவிடும். டப்பாவில் அடைத்த காற்று வேண்டவே வேண்டாம். அதிலுள்ள திரவம் தெறித்தால் கறை படியும். முடிந்ததும் கேமராவை அணையுங்கள்.

கேள்வி: இதில் 50 மிமீ லென்ஸ் ஏன் இவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறது?

பதில்: சென்சார் 22.7 x 15.1 மிமீதான். ஃபிலிம் கேமராவில் 80 மிமீ லென்ஸ் காட்டும் பரப்பே கிடைக்கும். முகப்படத்துக்கு அருமை, சிறிய அறைக்குள் எடுக்க இதனுடன் வந்த 18-55 மிமீ லென்ஸே ஏற்றது. அது ஃபிலிம் இஓஎஸ் கேமராவில் பொருந்தாது.