ஸ்கேன் படம் கிராபிக்ஸ் கார்டுக்குள் போன பிறகு

கேள்வி: சேர், டவுனில் ஒரு தனியார் எக்ஸ்ரே நிலையத்தில் வேலை செய்கிறேன். நெஞ்சுப் படத்தைப் பார்த்துச் சந்தேகமான இடத்தைக் காட்டும் ஏஐ மென்பொருள் ஒன்று போட்டிருக்கிறார்கள். அதற்கென்று பெரிய கிராபிக்ஸ் கார்டும் வாங்கியாச்சு. முதலாளியின் உறவுக்காரத் தம்பி ஒருவர் வீட்டிலிருந்தபடியே அதே கம்ப்யூட்டருக்குள் வந்து தன் கெம்பஸ் புரொஜெக்டை ஓட்டுகிறார். கேட்டால், "டிஸ்க் முழுக்க என்க்ரிப்ட் பண்ணியிருக்கு, பயமில்லை" என்கிறார்கள். உண்மையாகவே பயமில்லையா?
வாசகி, கல்லடி

பதில்: பயம் இருக்கிறது தங்கச்சி. உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்ததே பெரிய விஷயம்.

டிஸ்க் என்க்ரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைச் சாவியில்லாமல் வாசிக்க முடியாதபடி பூட்டுவது), மெஷின் அணைந்து கிடக்கும்போதுதான் காப்பாற்றும். ஓடும்போது படம் பூட்டுத் திறந்த நிலையில் ரம் என்ற தற்காலிக மெமரிக்கு வருகிறது. அங்கிருந்து கம்ப்யூட்டரையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாகக் கார்டின் மெமரிக்குப் போகிறது. சாதாரணக் கார்டில் இந்தப் பாதையிலும் பூட்டில்லை, போய்ச் சேரும் இடத்திலும் பூட்டில்லை. வேலை முடிந்ததும் அந்த இடம் துடைக்கப்படும் என்பதற்கும் எல்லாக் கார்டிலும் உத்தரவாதம் கிடையாது.

இது வெறும் ஊகமல்ல. 2024 ஜனவரியில் 'லெப்ட்ஓவர் லோக்கல்ஸ்' என்ற ஓட்டையை ட்ரெயில் ஒஃப் பிட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஏஎம்டி, அப்பிள், குவால்கொம், இமாஜினேஷன் ஆகியவற்றின் சில ஜிபியுக்களில் (கிராபிக்ஸ் கார்டின் மூளையான சிப்), ஒரு புரோகிராம் விட்டுப்போன மிச்சத்தை அதே மெஷினில் ஓடும் இன்னொரு புரோகிராம் வாசிக்க முடிந்தது. ஏஎம்டி ரேடியன் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டி கார்டில், ஏஐயிடம் கேட்கும் ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 181 மெகாபைட் கசிந்தது. பக்கத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலையே அதிலிருந்து திரும்பக் கட்டிக் காட்டினார்கள். அந்தத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அவர் இன்டர்நெட்டில் எடுத்து ஓட்டும் புரோகிராமுக்கு யார் பொறுப்பு?

சரி, என்ன செய்யலாம்? நோயாளிகளின் படம் ஓடும் மெஷினில் வேறு யாருக்கும் கணக்கு இருக்கக் கூடாது. இதை முதலாளியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்து வையுங்கள். ஏஎம்டி கார்டு என்றால், இரண்டு வேலைகளைச் சேர்த்து ஓடவிடாமல், இடையில் துடைக்கிற ஒரு முறையை அந்த நிறுவனம் அறிவித்தது. அது தானாக இயங்காது, நிர்வாகியாக இருப்பவர்தான் போட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முந்தியது ஒன்று இருக்கிறது. பலர் கவனிக்காததும் அதுதான். எக்ஸ்ரே படம், மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகொம் என்ற வகைக் கோப்பாக வரும். அதன் தலைப்பகுதியில் 0010,0010 என்ற இடத்தில் நோயாளியின் பெயர், 0010,0020 இல் நோயாளி இலக்கம், 0010,0030 இல் பிறந்த திகதி. நிழலைத் தேடும் மென்பொருளுக்கு இதில் ஒன்றுமே தேவையில்லை. கழற்றிவிட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இலக்கத்தைப் போட்டு அனுப்புங்கள். முடிவு வந்த பிறகு பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். அல்ட்ரா சவுண்ட் படமென்றால் மூலையில் பெயர் படத்தோடு படமாகவே பதிந்திருக்கும், அதைத் தனியாக மறைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கொக்கட்டிச்சோலையிலோ வாகரையிலோ ஒரு குமர்ப்பிள்ளையின் பெயரோடு காசநோய் என்ற சொல் வெளியே போனால், அவள் குணமாகிப் பல வருடமானாலும் ஊர் அதை மறக்காது. இலங்கையின் 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது.

கேள்வி: நுண்கடன் விண்ணப்பங்களை வாசித்துப் பிரிக்கும் மென்பொருள் செய்கிறோம். கிளவுடில் ஜிபியு வாடகைக்கு எடுக்கும்போது 'கொன்பிடென்ஷல்' வகைக்குக் கூடக் காசு கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
வாசகர், கல்முனை

பதில்: கொடுங்கள் தம்பி. அடையாள அட்டை இலக்கமும் கடன் பாக்கியும் ஒரே தாளில் இருக்கின்றன.

என்விடியா 2022 இல் அறிவித்த எச்100 முதலான கார்டுகளில், வாடகைக்குத் தந்தவரிடமிருந்தும் தரவை மறைக்கும் இந்தக் 'கொன்பிடென்ஷல்' வசதி உண்டு. சிபியு (கம்ப்யூட்டரின் பிரதான சிப்) பக்கத்தில் அதே காவலைச் செய்யும் ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி அல்லது இன்டெலின் டிடிஎக்ஸ் இருக்க வேண்டும். உங்கள் மெமரியைக் கார்டு நேரே தொட முடியாது. டிரைவர் தரவைப் பூட்டிப் பொதுவான ஓரிடத்தில் வைக்கும், கார்டு எடுத்துத் தனக்குள்ளே திறக்கும். வாடகைக்குத் தந்தவர் இடையில் எட்டிப்பார்த்தாலும் பூட்டிய துண்டுகள்தான் கிடைக்கும். சின்னச் சின்னத் துண்டாக அடிக்கடி அனுப்பினால் வேகம் குறையும், ஆகவே சேர்த்து அனுப்புங்கள்.

ஆனால் காசு கட்டியதோடு நிற்கக் கூடாது. கார்டு தன் பேர்ம்வெயர் (தனக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) விபரத்தைத் தனக்குள் பதிந்த சாவியால் கையொப்பமிட்டுத் தரும், அதற்கு அட்டெஸ்டேஷன் என்று பெயர். சிபியு பக்கமும் அப்படியொன்று தரும். இரண்டையும் உங்கள் புரோகிராம் சரிபார்த்த பிறகுதான் தரவின் சாவியை விட வேண்டும். அந்த வரிகளை எழுதாமல் விட்டால், கூடுதலாகக் கொடுத்த காசு வீண். அப்புறம், உங்கள் மென்பொருள் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லொக் கோப்பையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். விண்ணப்பத்தை அப்படியே அதில் எழுதி வைத்தால் எந்தக் கார்டாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: பழைய கிராபிக்ஸ் கார்டை விற்கப் போகிறேன். அதில் என் படங்கள் இருக்குமா?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: இருக்காது. கார்டின் மெமரி மின்சாரம் போனதும் அழிந்துவிடும். கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு விற்கலாம். டிஸ்க்கை மட்டும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.