மூத்தோர் நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு 71 வயது. மகன் குடும்பத்துடன் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். பணிப்பெண் வந்த நாள்முதல் என்னை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை, சந்தைக்கும் அனுப்புவதில்லை. “இத்தனை வருடம் உழைத்தது போதும், உட்காருங்கம்மா” என்று மகன் அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால் ஓராண்டுக்குள் என் கால்கள் வலுவிழந்துவிட்டன. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. எதிலும் நாட்டமும் இல்லை. வயதானால் இப்படித்தான் என்று இருந்துவிடலாமா?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இருந்துவிடக் கூடாது, அம்மா. நீங்கள் எழுதியிருப்பதில் வயதின் பங்கு சிறிது. சும்மா உட்கார வைக்கப்பட்டதன் பங்குதான் பெரிது. நடுவயதிலிருந்தே தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது என்பது உண்மையே. ஆனால் பயன்படுத்தாத தசை குறையும் வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயில்லாத மூத்தோர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. நீங்கள் படுத்திருக்கவில்லை என்றாலும், சந்தைக்கு நடப்பது, பை தூக்குவது, அடுப்படியில் நின்று குனிந்து நிமிர்வது என்று நாள் முழுவதும் உங்கள் கால்களுக்குக் கிடைத்துவந்த பயிற்சி ஒரே நேரத்தில் நின்றுபோயிருக்கிறது.

இழந்த வலிமையை எந்த வயதிலும் ஓரளவு மீட்க முடியும் என்பதை மருத்துவ உலகம் 1990லேயே கண்டுவிட்டது. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய ஒரு சிறு குழுவினர் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்ததில், அவர்களுடைய தொடைத் தசையின் வலிமை சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. தொண்ணூறில் முடிந்தது எழுபத்தொன்றில் முடியாதா?

வீட்டிலேயே தொடங்கலாம். உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எழுந்து உட்காருங்கள். தொடக்கத்தில் முடியாவிட்டால் இருக்கையின் மேல் கெட்டியான மெத்தைத் துண்டொன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொண்டு, காலையிலும் மாலையிலும் ஐந்து முறை செய்யத் தொடங்கிப் பத்து வரை உயர்த்துங்கள். ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் தசை நலிவு இருக்கலாம் என்பது ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவுகோல். இதை உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பையும், மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கும் வலிமைக்கும் ஆன பயிற்சிகளையும் பரிந்துரைக்கிறது. நம்மவர்கள் பலர் காலையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது என்றாலும், விழாமல் காப்பதற்கு அது மட்டும் போதாது.

உணவையும் பார்க்க வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசச் சோறு, இரவு கஞ்சி என்று சாப்பிடும் மூத்தோருக்குத் தேவையான புரதத்தில் பாதிகூடக் கிடைப்பதில்லை. மூத்தோருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர்கள் பருப்பு, சுண்டல், தயிரோடு நம் ஈரச்சந்தைகளில் எளிதாகக் கிடைக்கும் தெம்பேயையும் (புளிக்கவைத்த சோயா அவரைக் கட்டி) சேர்த்துக்கொள்ளலாம். 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் உள்ளது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நாட்டமின்மைக்கு உடலிலும் காரணம் இருக்கலாம் என்பதால், சிங்கப்பூர் அரசாங்கத்தின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் நீங்கள் பதிந்திருக்கும் குடும்ப மருத்துவரிடம் இரத்தச்சோகை, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைக் கேளுங்கள். நீரிழிவுக்காக நெடுங்காலமாக மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்கு பி12 குறையக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு குடும்பத்தின் சமையலையும் வரவுசெலவையும் நாற்பது ஆண்டுகள் நடத்திய பெண்ணிடமிருந்து ஒரே நாளில் எல்லாப் பொறுப்பையும் வாங்கிக்கொண்டால், அவருக்கு மிஞ்சுவது ஓய்வு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்; அவருக்கோ, ‘நான் இனி எதற்கு?’ என்ற கேள்விதான் மிஞ்சுகிறது. உங்கள் மகனிடம் குறையாக இதைச் சொல்ல வேண்டாம், கோரிக்கையாகச் சொல்லுங்கள்: “வாரத்தில் மூன்று நாள் சந்தைக்கு நான் போகிறேன், பணிப்பெண் உடன் வந்து பையைத் தூக்கட்டும், மீனையும் காயையும் நான் பார்த்து வாங்குகிறேன்.” பேரப்பிள்ளைகள் இருந்தால், மாலையில் அரைமணி நேரம் அவர்களோடு தமிழிலேயே பேசுவதையும் உங்கள் பொறுப்பாக்கிக் கொள்ளுங்கள். ஆங்கிலமே வீட்டுமொழியாகிவரும் நம் குடும்பங்கள் பலவற்றில் அந்த வேலையைச் செய்யப் பாட்டியைத் தவிர வேறு ஆள் இல்லை. இதை வாசிக்கும் மகன்களுக்கும் மருமகள்களுக்கும் என் வேண்டுகோள்: பாரமான வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா வேலையையும் எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 79 வயது. முன்பெல்லாம் உறவினர் வீட்டு விசேஷங்களில் அவர் குரல்தான் ஓங்கியிருக்கும். இப்போது ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். கேட்டதற்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்கிறார், கொஞ்சம் அழுத்திச் சொன்னால் கோபப்படுகிறார். மறதி நோயின் தொடக்கமோ என்று அஞ்சுகிறோம்.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: அந்த அச்சத்தை உறுதிப்படுத்துவதற்கு முன் அவருடைய செவியைச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் தொலைக்காட்சியை அதிகச் சத்தத்தில் வைக்கிறாரா? வயதினால் வரும் செவித்திறன் குறைபாடு முதலில் உயர்ந்த சுருதி ஒலிகளையே பறிக்கிறது. அதனால் நீங்கள் பேசுவதில் உயிரொலிகள் அவருக்குக் கேட்கும், மெய்யொலிகள் பல தப்பிவிடும். சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை என்ற நிலை அது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் கல்யாண மண்டபத்தில் அவருக்கு எதுவுமே பிடிபடாது. தவறாகப் பதில் சொல்லிச் சங்கடப்படுவதைவிட மூலையில் இருப்பதே மேல் என்று அவர் முடிவெடுத்திருக்கக்கூடும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையில் மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றுள் செவித்திறன் குறைபாடு முன்வரிசையில் இருக்கிறது. முதலில் பலதுறை மருந்தகத்தில் காதைக் காட்டுங்கள். சில வேளைகளில் குறும்பி அடைத்திருப்பதுதான் குறை. செவித்துணைக் கருவி தேவைப்பட்டால், தகுதிபெறும் மூத்தோருக்கு அரசாங்கம் அதற்கு மானியம் தருகிறது, மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். கருவி வாங்கிய முதல் சில வாரங்கள் தட்டு உரசும் ஒலிகூட எரிச்சலூட்டும் என்பதால் பலர் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் அமைதியான அறையில் ஓரிரு மணிநேரம் போட்டுப் பழகட்டும். அதுவரை அவர் முகத்தைப் பார்த்து, கத்தாமல், நிதானமாகப் பேசுங்கள். செவி சரியான பிறகும் தெரிந்த வழியில் தடுமாறுவது, பணக் கணக்குக் குழம்புவது போன்றவை இருந்தால் நினைவாற்றல் சோதனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: வயது 76. கப்பல் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். மனைவி சென்ற ஆண்டு இறந்துவிட்டார். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். எங்கள் புளோக்கின் கீழேயே மூத்தோருக்கான நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே எல்லாரும் சீனமொழியில் பேசுகிறார்கள். நான் போய் என்ன செய்வது? கோயிலுக்குப் போகிறேன், யாரோடும் பேசாமல் திரும்புகிறேன். விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது.
– வாசகர், செம்பவாங்

பதில்: ஐயா, உங்கள் துணைவியாரின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். மொழியைப் பற்றி நீங்கள் சொல்வது நம் மூத்தோர் பலர் வாய்விட்டுச் சொல்லாத உண்மை. துடிப்பான மூப்படைதல் நிலையங்கள் 60 வயதைக் கடந்த அனைவருக்கும் உரியவை. ஆயினும் பத்துப் பேர் ஒரு மொழியில் சிரித்துப் பேசும் இடத்தில் பதினோராவது ஆளாக உட்காருவது எளிதன்று. இதற்கு நிலையங்களும் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இருந்தாலும் மூன்று வழிகளைச் சொல்கிறேன். உங்கள் தலைமுறைக்குப் பட்டறையில் பேசிப் பழகிய பசார் மலாய் (எளிய பேச்சு மலாய்) தெரியும். அங்கே சீனமொழியில் பேசும் உங்கள் வயதினர் பலருக்கும் அது தெரியும். “சூடா மாக்கான்?” (சாப்பிட்டாச்சா?) என்று நீங்கள் தொடங்கினால் பதில் வரும். அடுத்து, பேச்சை நம்பியிராத நடவடிக்கையில் முதலில் சேருங்கள். நாற்காலி உடற்பயிற்சிக்கும் கேரம் பலகைக்கும் மொழி தடையாக இருக்காது. மூன்றாவதாக, நிலைய ஊழியரிடம் நேராகவே சொல்லுங்கள்: அக்கம்பக்கத்துப் புளோக்குகளில் இருக்கும் மற்றத் தமிழ் மூத்தோரையும் அழைத்து, வாரத்தில் ஒருநாள் தமிழில் கூடிப் பேச இடம் தர முடியுமா என்று கேளுங்கள். உங்களைப் போலவே தயங்கி வீட்டுக்குள் இருக்கும் ஒருவர் இரண்டு புளோக் தள்ளி நிச்சயம் இருப்பார். கோயிலிலும் கும்பிட்டுவிட்டுத் திரும்பாமல், அன்னதானத்துக்குக் காய் நறுக்கவோ பரிமாறவோ உதவட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் பேச்சுத் தானாக வரும்.

விடிகாலை விழிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துக்கத்துக்குக் காலக்கெடு கிடையாது. ஆனால் தூக்கம் கெடுவதோடு, பசியின்மை, எடை குறைதல், பிடித்த எதுவும் பிடிக்காமல் போதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, மூத்தோர் அதனால் குணமடைகிறார்கள். நம் ஆண்கள் ‘மனசு சரியில்லை’ என்று மருத்துவரிடம் சொல்லாமல் ‘உடம்பு வலி’ என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கி வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே மருத்துவரிடமும் சொல்லுங்கள். இரவில் தனிமை தாங்க முடியாமல் போனாலோ, வாழ்வதில் பொருளில்லை என்று தோன்றினாலோ, 1767 அல்லது 1771 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பிள்ளைகளிடமும் மறைக்காதீர்கள். நாள் தவறாமல் ஒரே நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள். தனியாக வாழும் உங்களுக்கு அது பாதுகாப்புமாகும்.

கேள்வி: 68 வயது. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கந்த சஷ்டி ஆறு நாளும் ஒருவேளை உணவோடு விரதம் இருப்பது நாற்பது ஆண்டுப் பழக்கம். சென்ற முறை மூன்றாம் நாள் மயக்கம் வந்தது. விரதத்தை விட்டுவிட வேண்டுமா?
– வாசகி, ஹவ்காங்

பதில்: நீங்கள் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும் ஆபத்துக் குறைவு. கிளிப்பிசைடு, கிளிக்கிளசைடு போன்றவையோ இன்சுலினோ என்றால், உணவு தவறும்போது ஆபத்து மிகுதி. ரமலான் நோன்புக்கு முன்பு மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்வது இங்குள்ள முஸ்லிம் அன்பர்களிடம் பழக்கமாகியிருக்கிறது. நாம் விரதத்தை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. சஷ்டி தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். சென்ற ஆண்டு மயக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதை வைத்து, முழு விரதம் வேண்டாம், பாலும் பழமும் இடையிடையே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் அதற்கு உடன்படுங்கள். விரத நாள்களில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், சர்க்கரையை நாளுக்குச் சில முறை குத்திப் பாருங்கள். அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினாலோ, வியர்வையும் நடுக்கமும் வந்தாலோ, உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடியும் அளந்து பார்த்து, அன்றைய விரதத்தை அத்துடன் முடித்துச் சாப்பிட்டுவிடுங்கள். கோயிலுக்குப் போகும்போது கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும், உடன் வருபவருக்கும் அது எதற்கு என்று தெரிந்திருக்கட்டும்.