வாசகர் கேள்வி – பதில்: பனிக்காலத்தில் செர்மாட் போகிறவர்களுக்கு

கேள்வி: டிசம்பர் கடைசியில் சுவிஸில் பேர்ண் நகரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். நான், கணவர், 70 வயது அம்மா, 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மூன்று நாள் செர்மாட்டில் தங்கிப் பனி பார்க்க ஆசை. தம்பி தன் காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறார். கார் நல்லதா, ரயில் நல்லதா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: ரயில்தான். தம்பியோடு சேர்த்து நீங்கள் ஆறு பேர். குளிர் உடுப்புப் பெட்டிகளோடு ஒரு காரில் அடங்க மாட்டீர்கள். அடங்கினாலும் செர்மாட் ஊருக்குள் வெளியூர்க் கார்களை விடமாட்டார்கள். எல்லாருக்குமான பாதை 5 கிலோமீற்றர் கீழே டேஷ் என்ற கிராமத்தோடு முடிந்துவிடும். அங்கே காரை நிறுத்திவிட்டு, 12 நிமிட ரயிலில்தான் மேலே ஏற வேண்டும். அதற்கு முன்பும் ஒரு ரயில் இருக்கிறது. பேர்ணிலிருந்து நேர்வழியில் வந்தால் காண்டர்ஸ்டேக்கில் காரையே ரயிலில் ஏற்றி, 1913இல் திறந்த பழைய லோட்ச்பேர்க் சுரங்கத்தால் கோப்பன்ஸ்டைனுக்குக் கடத்த வேண்டும். சுரங்கப் பயணம் கால் மணித்தியாலம்தான், ஆனால் விடுமுறை நாட்களில் காரை ஏற்றக் காத்து நிற்கும் நேரத்துக்குக் கணக்கில்லை.

ரயிலில் அப்படி இல்லை. 2007இல் திறந்த, 34.6 கிலோமீற்றர் நீளமான புதிய சுரங்கத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபிஸ்ப் நிலையம் வந்துவிடும். நுவரெலியா போக நானுஓயாவில் இறங்குவதுபோல, செர்மாட் போக ஃபிஸ்ப்பில் இறங்க வேண்டும். பலகையில் ‘வி’ எழுத்தில் தொடங்கும் பெயரை ஜெர்மன்காரர் ‘ஃபி’ என்று சொல்வதால், அறிவிப்பைக் கேட்டும் பலர் இறங்காமல் இருந்துவிடுகிறார்கள். தவறவிட்டால் பதற வேண்டாம். அடுத்து வரும் பிரிக் நிலையத்தில் இறங்குங்கள். செர்மாட் போகும் சிறிய ரயில் அங்கிருந்தும் புறப்படும், நிலையக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்திலேயே ஏறலாம்.

அந்தச் சிறிய ரயில் ஒரு மீற்றர் அகலத் தண்டவாளத்தில் ஓடுவது. ஏற்றம் கடுமையான இடங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் இருக்கும். ரயிலின் பற்சக்கரம் அதைக் கடித்து ஏறுவதால் பனியிலும் வழுக்காது. ஃபிஸ்ப்பிலிருந்து செர்மாட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். ஃபிஸ்ப்பில் மாறுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆளுக்கு ஒரு பெட்டி, அதுவும் தானே தூக்கக்கூடிய பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பெட்டியைப் பெரிய பிள்ளை பொறுப்பெடுக்கட்டும்.

டிக்கெட் விடயத்தில் உங்களுக்குப் பொருந்துவது, பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்துக்குச் செல்லுபடியாகும் அரைக்கட்டண அட்டை என்றே நினைக்கிறோம். தினமும் ஊர் சுற்றுகிறவர்களுக்குத்தான் சுவிஸ் ட்ரவல் பாஸ் இலாபம். நீங்கள் பெரும்பாலான நாட்கள் தம்பி வீட்டில்தானே இருக்கப்போகிறீர்கள்? எதை வாங்கினாலும் குடும்ப அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அது இலவசம். 6 முதல் 15 வயதுவரையான பிள்ளைகள் பெற்றோரோடு ரயிலில் காசில்லாமல் போகலாம்.

கேள்வி: அண்ணா பத்து வருடத்துக்கு முன் சுவிஸிலிருந்து கொண்டுவந்த பனிச் சப்பாத்துகள் அலுமாரியில் புதிதுபோல இருக்கின்றன. அவற்றையே போட்டுக்கொண்டு போகலாமா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தயவுசெய்து வேண்டாம். மேல்தோல் எவ்வளவு மினுங்கினாலும் பிரச்சினை அடியில்தான். இப்படியான சப்பாத்துகள் பலவற்றின் நடு அடி பொலியூரிதேன் என்ற நுரைப் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். கொழும்புப் புழுக்கத்தில் பெட்டிக்குள் மூடி வைத்தால் இன்னும் வேகமாகச் சிதையும். போடாமல் வைத்த சப்பாத்துத்தான் முதலில் போகும். பெருவிரலால் அடியின் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்புத் தெரிந்தாலோ, பழைய ரொட்டிபோலப் பொடி உதிர்ந்தாலோ, செர்மாட் தெருவில் ஒரு மணித்தியாலம் நடப்பதற்குள் அடி கழன்று கையில் வரும்.

இங்கே விற்கும் சாதாரண பிளாஸ்டிக் அடிச் சப்பாத்தும் உதவாது. பூச்சியத்துக்குக் கீழே அது மரக்கட்டைபோல இறுகிவிடும், பனிக்கட்டியில் பிடிப்பே இருக்காது. மென்மையான ரப்பர் அடியும் ஆழமான வெட்டும் உள்ளதை பேர்ணிலேயே வாங்குங்கள். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு காலுறையைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். சப்பாத்தின்மேல் மாட்டும் ரப்பர் முள்வளையம் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். மதியம் உருகிய பனி பின்னேரம் கண்ணாடியாக உறையும்போது அதுதான் கைகொடுக்கும். கடைக்குள் நுழையுமுன் மறக்காமல் கழற்றுங்கள். முள் ஓட்டுத்தரையில் வழுக்கும்.

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. சேலைதான் கட்டுவார், இன்சுலினும் போடுகிறார். செர்மாட் உயரம் தாங்குமா? (வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: ஊரின் உயரம் பயப்படக்கூடியதல்ல. செர்மாட் சுமார் 1,600 மீற்றர், நுவரெலியாவைவிடத் தாழ்வு. ஆனால் 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் மலை ரயில் 33 நிமிடத்தில் 3,089 மீற்றருக்கு ஏற்றிவிடும். அது நம் பீதுருதாலகாலையின் உச்சியைவிட 500 மீற்றருக்கு மேல் கூட. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் 70 வீதம்தான். முதல் நாள் ஊருக்குள் நடந்து பழகி, இரண்டாம் நாள் ஏறுங்கள். போகும்போது வலப்பக்கம் இருந்தால் மாட்டர்ஹோர்ன் சிகரம் தெரியும். தலையிடி, குமட்டல் வந்தால் அடுத்த ரயிலில் இறங்கிவிட வேண்டும். இருதய வருத்தம் உள்ளவர் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம். கேபிள் காரில் ஏறிப் போகும், 3,883 மீற்றரில் உள்ள கிளேசியர் பரடைஸ் என்ற இடத்தை இந்த வயதில் விட்டுவிடலாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், பிறகு உருகினாலும் பாவிக்கக்கூடாது. விமானத்தில் கைப்பையிலும், வெளியே நடக்கும்போது சட்டைக்கு உள்ளே உடம்போடு ஒட்டிய பையிலும் இருக்கட்டும். சேலையின் கீழ்விளிம்பு உருகிய பனியை உறிஞ்சும், பின்னேரக் குளிரில் அதே விளிம்பு அட்டைபோல விறைத்துக் கணுக்காலில் உரசும். படியேறும்போது காலிலும் சிக்கும். சேலையை வீட்டில் கட்டட்டும். வெளியே போகும்போது கம்பளி உள்ளாடைமேல் தளர்வான காற்சட்டையும் நீண்ட ஜக்கெட்டும் போடச் சொல்லுங்கள். பருத்தி வேண்டாம். ஈரம் பிடித்தால் லேசில் காயாது.

கேள்வி: ஊருக்குள் எப்படித் திரிவது? (வாசகர், தெஹிவளை)

பதில்: பெரும்பாலும் நடைதான். மின்சார பஸ்ஸும் பெட்டி வடிவச் சிறிய மின்சார டாக்சியும் உண்டு. இவை சத்தமில்லாமல் பின்னால் வரும், தெருவின் நடுவில் நின்று படம் எடுக்காதீர்கள். பெட்டியின் சில்லுகளில் பனி அடைத்து இழுபடாது. உங்கள் ரயில் வரும் நேரத்தை ஹோட்டலுக்கு முதலே எழுதுங்கள், பல ஹோட்டல்கள் நிலையத்துக்கே வண்டி அனுப்பும்.

கேள்வி: பனி கொட்டிப் பாதை அடைபட்டால் என்ன செய்வது? (வாசகி, வத்தளை)

பதில்: 2018 ஜனவரியில் பனிச்சரிவு ஆபத்தால் பாதையும் ரயிலும் மூடப்பட்டு, ஏறக்குறைய 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஊருக்குள் இருந்தவர்களுக்கு ஆபத்தில்லை, ஆனால் விமானத்தை விட்டவர் விட்டவர்தான். ஆகவே செர்மாட்டிலிருந்து நேரே விமான நிலையம் போகும் திட்டம் வேண்டவே வேண்டாம். விமானத்துக்கு முந்திய இரவு கட்டாயம் கீழே, பேர்ணிலோ சூரிச்சிலோ தங்குங்கள். கடும் பனி அறிவித்தால் இரண்டு நாள் முன்பே இறங்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்புறுதி பனிச்சறுக்கு விபத்தைச் சேர்க்காமல் இருக்கலாம். மலையில் அவசரமென்றால் 144.

கேள்வி: இங்குள்ள ஃபோன் சார்ஜர் அங்கே பொருந்துமா? (மாணவர், கொழும்பு 6)

பதில்: நம் சதுரக் கால் 13 அம்பியர் பிளக் பொருந்தாது. மெல்லிய இரண்டு வட்டக்கால் பிளக் பொருந்தும். ஜெர்மன் வகைத் தடித்த வட்ட அடப்டர் சுவிஸ் பொயின்ற்றின் குழிக்குள் இறங்காது, பார்த்து வாங்குங்கள். வெளியே போகும்போது ஃபோனை உள்பையில் வையுங்கள். குளிரில் 40 வீதம் காட்டிய பற்றரியும் சட்டென்று அணைந்துவிடும், சூடானதும் திரும்ப எழும்பும்.