என் தன்பாலினத் துணையின் பெயரை வங்கிக் கணக்கில் நாமினியாகப் போடலாமா? நாமினி இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று கிளையில் சொல்கிறார்கள்.

தாராளமாகப் போடலாம், இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உங்கள் வங்கிக் கிளையில் சொன்னது தவறு. தன்பாலினத் துணையை நாமினியாக்கவும், அவருடன் கூட்டுக் கணக்கு தொடங்கவும் தடையில்லை என்று இந்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்றே தெளிவுபடுத்திவிட்டது.

படிவத்தில் 'உறவுமுறை' என்றொரு கட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் தயங்கியிருப்பார்கள். 'துணை' என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பேனாவை எடுக்கச் சொன்னால்தான் பலர் விதியையே தேடுகிறார்கள்.

ஆனால் நாமினி உங்கள் மறைவுக்குப் பின் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதன் உரிமையாளர் அல்லர். தன்பாலினத் திருமணத்தை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்க மறுத்துவிட்டதால், உங்கள் குடும்பத்தார் பின்னாளில் உரிமை கோர முடியும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் உயில் எழுதிவையுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, இருந்தாலும் செய்துவிடுங்கள்.